முடிச்சைப் பார்

ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவே
பேனா முனையால் தொட்டார் டாக்டர்.
தஞ்சாவூர், மெடிக்கல் காலேஜ் ரோடு, மாலை ஐந்தரை.
“இனிமே ஜூடோ வேண்டாமே” என்றார்,
இனிமே காபி வேண்டாமே என்பதுபோல.
நான் தலையாட்டவில்லை.
முடியவில்லை, அவ்வளவுதான்.
அவர் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரம் காலர்.
மன்னார்குடி பஸ்ஸில் யாராவது கூப்பிட்டால்
கட்டை போட்டுத் தேர் முக்குத் திரும்புவதுபோல
மொத்தமாகத் திரும்புகிறேன்.
எதிர்வீட்டுத் தையல்நாயகிக்குக் கோபம்.
சிரித்ததற்குத் தலைகூட அசைக்கவில்லையாம்,
மெடல் வாங்கின திமிராம்.
வாழைப்பூ ஆயக் குனிந்தால்
வலது கட்டைவிரலில் எறும்பு ஊர்கிறது,
உதறினாலும் போகாத எறும்பு.

காலையில் ஒரு பயிற்சி:
நெற்றியால் உள்ளங்கையைத் தள்ள வேண்டும்,
உள்ளங்கையால் நெற்றியை.
பத்து எண்ணும்வரை இருவரில் யாரும் ஜெயிக்கக் கூடாது.
எனக்குப் பழக்கமில்லாத ஆட்டம்.

விழுந்தது நாகப்பட்டினத்து ஜெசிந்தாவிடம்.
அவள்மேல் குற்றமில்லை, சுத்தமான வீச்சு.
ஜூடோவில் முதல் நாள் சொல்லித்தருவது ஒன்றுதான்:
விழும்போது உன் பெல்ட் முடிச்சைப் பார்.
பார்த்தால் தாடை நெஞ்சோடு ஒட்டும்,
பின்னந்தலை தரையில் படாது.
பதினோரு வருஷம் முடிச்சைப் பார்த்துத்தான் விழுந்தேன்.
அன்றைக்கு ஸ்கோர் போர்டைப் பார்த்தேன்.

புரட்டாசியில் வேலைக்குத் திரும்பினேன்.
மூவாநல்லூர்க் கொள்முதல் நிலையம், பில் போடும் மேசை.
ரோட்டோரம் குறுவை நெல் காய்கிறது.
ஈரப்பத மெஷின் பதினெட்டிலேயே நிற்கிறது.
எல்லோரும் அண்ணாந்து மேகம் பார்க்கிறார்கள்.
நான் மேகம் பார்க்க
நாற்காலியோடு சாய வேண்டும்.

லோடுமேன் பக்கிரிசாமி மூட்டையை இறக்கிவிட்டு வந்தார்.
“கழுத்துல என்னம்மா கட்டு?”
சொன்னேன். எலும்பு, நரம்பு, விரலில் எறும்பு.
“கட்டவெரலும் பக்கத்து வெரலுமா?”
தன் கையை என் மேசைமேல் வைத்தார்.
“எனக்கு நாலு வருஷமா இருக்கு.
நெல்லுச் சொணைன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

நாற்பது கிலோ, நாளைக்கு இருநூறு நடை.
நான் விழுந்த தேதி எனக்குத் தெரியும், நிமிஷம் தெரியும்,
வீடியோகூட இருக்கிறது.
அவருக்கு அது எந்த மூட்டை?

காலரைக் கழற்றிக் கொடுத்தேன்,
எனக்குத்தான் கெடு முடிந்துவிட்டதே.
மத்தியானமே திருப்பித் தந்தார்,
வியர்வையில் நனைந்து, பதர் ஒட்டி.
“நல்லாத்தான் இருக்கு. ஆனா
இதப் போட்டா மூட்டை எங்க உக்காரும்?”
இருவரும் சிரித்தோம்.
அடுத்த பில்லில் எடையைத் தப்பாகப் போட்டேன்.
டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்த சீட்டை
பீடிக்கட்டுக்குள் செருகிக்கொண்டார்.
போனாரா என்று இதுவரை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வருமுன்
கூடத்தில் ஒரே ஒரு மேட்டை விரித்தேன்.
பெல்ட்டைத் தடவித் தடவிக் கட்டினேன்.
மரத்த விரலுக்கு அந்த முடிச்சு
நாலு வீடு தள்ளி யாரோ பேசுவதுபோல.
டாக்டர் சொன்னது மறக்கவில்லை.
உட்கார்ந்தபடியே, பக்கவாட்டில்,
கையை முதலில் தரையில் அறைந்து
விழுந்தேன்,
ஒரு முழ உயரத்திலிருந்து.

தாடை பாதி தூரம்தான் இறங்கியது.
முடிச்சு தெரியவில்லை.
பெல்ட்டின் நுனி தெரிந்தது, நூல் பிரிந்து.

எழுந்து உட்கார்ந்து
இன்னொரு தடவை விழுந்தேன்.